சின்னப் பிள்ளைங்களுக்கு புத்த ஜாதகக் கதை: முயல் தீயில குதிக்கிற இடத்த எப்படி சொல்றது?

மடிப்பாக்கம்அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். எங்க அபார்ட்மென்ட் மொட்டை மாடில ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பிள்ளைங்களுக்கு கதை சொல்றேன், நாலு வயசுல இருந்து ஏழு வயசு வரைக்கும் வர்றாங்க, சிலது பாட்டி மடில உக்காந்துட்டு கேக்கும். அடுத்து கொஞ்ச வாரத்துக்கு இரக்கத்தப் பத்தின புத்த கதைங்களா சொல்லலாம்னு இருக்கேன், ஜாதகக் கதைங்க (புத்தரோட முந்தின பிறவிக் கதைங்க), கூடவே மணிமேகலை. பாலி மொழில இருக்கற ஜாதகத் தொகுப்புல மட்டும் 547 கதை இருக்கு, அதுல எதை எடுக்கறது எதை விடறதுன்னே தெரியல.

என் கேள்வி என்னன்னா, பெரிய பெரிய கதைங்கள்ல இரக்கம்னாலே உயிரைக் குடுக்கறதாதான் வருது. முயல் தீயில குதிக்குது, குரங்கு ராஜா தன் கூட்டத்தையே முதுகு மேல நடக்கவிட்டு ஆத்தை தாண்ட வச்சுட்டு உள்ளுக்குள்ள நொறுங்கி சாகுது, பசில கிடக்கற தாய்ப்புலிக்கு போதிசத்துவர் (புத்தராகறதுக்கு முந்தின பிறவிங்கள்ல அவர் பேரு இது) தன் உடம்பையே குடுக்கறார். யூடியூப்ல பாத்தா தீயையே எடுத்துட்டு "முயல் ரொம்ப நல்ல முயல், நாமளும் நல்லவங்களா இருக்கணும் ஓகேவா குட்டீஸ்"னு முடிச்சிடறாங்க. அது எனக்கு ஒத்துக்கல, அப்படி சொன்னா அந்தக் கதைல என்னதான் மிச்சம் இருக்கு. ஆனா உள்ளது உள்ளபடி சொல்லவும் மனசு வரமாட்டேங்குது. யாராவது சின்னப் பிள்ளைங்களுக்கு சொல்லிப் பாத்தவங்க இருந்தா எப்படி சொன்னீங்கன்னு எழுதுங்களேன்.

நைட்ஷிஃப்ட்அப்பா:
மேடம் நான் நேரா சொல்லிடறேன், தீ வேணாம். என் பையனுக்கு நாலரை வயசு, எதைக் கேட்டாலும் ராத்திரி அது கனவுல வந்துடும், நான் வேலைக்கு லாகின் பண்ற நேரத்துல எழுந்து வந்து அழுவான். இரக்கம் சொல்லிக் குடுக்க இவ்ளோ கதை இருக்கறப்ப உயிரோட எரியறத ஏன் சொல்லணும்? பத்து வயசுல சொல்லிக்கலாம். அதுலயும் எனக்கு பெரிய பயம் வேற ஒண்ணு, நல்லவனா இருக்கணும்னா உன்னையே அழிச்சுக்கணும்னு பிள்ளை புரிஞ்சுக்கிட்டா என்ன பண்றது. ஏற்கனவே விட்டுக் குடுக்கற பிள்ளைங்கதான் இதைக் கேட்டு இன்னும் விட்டுக் குடுக்கும், பிடுங்கிக்கற பிள்ளைங்க கதையே கேக்காது.

கதைகேளு:
மேல சார் சொன்ன ரெண்டாவது பாயிண்ட்ட நான் முழுசா ஒத்துக்கறேன், முதல் பாயிண்ட்டுக்கு மட்டும் கொஞ்சம் மறுப்பு இருக்கு. நான் லைப்ரரில வாலன்டியரா கதை சொல்றவ, முயல் கதைய நிறைய வாட்டி சொல்லியிருக்கேன்.

மூலக் கதைல (சச ஜாதகம், 316வது கதை) ஒரு இடம் இருக்கு, அதை எல்லா சுருக்கத்துலயும் விட்டுடறாங்க. முயல், நீர்நாய், நரி, குரங்கு நாலும் ஃப்ரெண்ட்ஸ். பௌர்ணமி அன்னைக்கு யாராவது பசின்னு வந்தா நம்ம சாப்பாட்டுலருந்து குடுக்கணும்னு பேசி வச்சுக்கறாங்க. நீர்நாய்க்கு மீன் கிடைக்குது, நரிக்கு கொஞ்சம் கறியும் ஒரு சட்டி தயிரும் கிடைக்குது, குரங்கு மாங்கா பறிச்சுட்டு வருது. முயலுக்கு மட்டும் புல்லுதான், புல்ல மனுஷங்களுக்கு எப்படி குடுக்கறதுன்னு அது யோசிக்குது. அப்புறம் சக்கன் (நம்ம இந்திரன்தான்) பிராமணர் வேஷத்துல வந்து பசிக்குதுங்கறார். முயல் நெருப்பு மூட்டச் சொல்லுது. குதிக்கப் போறதுக்கு முன்னாடி உடம்ப மூணு வாட்டி உதறுது. ஏன்னா அதோட ரோமத்துக்குள்ள குட்டிக் குட்டிப் பூச்சிங்க இருக்கலாம், அதுங்க சாகக் கூடாதுன்னு.

எனக்கு மொத்தக் கதையும் அந்த உதறல்தான். நான் அங்கதான் நிறுத்துவேன், பிள்ளைங்கள எல்லாம் எழுப்பி உதறச் சொல்வேன். தலைய உதறு, காத உதறு, இடுக்குல ஒளிஞ்சிருக்கற எறும்பு கூட போயிடுச்சான்னு பாரு. அஞ்சு நிமிஷம் அதுலயே போகும், சிரிச்சு கத்தி மொட்டை மாடியே அதிரும். அப்புறம் முயல் குதிச்சுச்சு, நெருப்பு பனி மாதிரி ஜில்லுன்னு இருந்துச்சு, ஒரு முடி கூட கருகலன்னு ஒரே மூச்சுல சொல்லிடணும், "குதிச்சுச்சு"க்கும் "ஜில்லு"க்கும் நடுவுல கேப் விடக் கூடாது, சஸ்பென்ஸ் வைக்கறதுக்கான இடமே இல்ல அது. மூலத்துலயும் முயல் சாகறதில்ல, இத நிறைய பேர் மறந்துடறாங்க. சக்கன் ஒரு மலையப் பிழிஞ்சு அந்தச் சாறுல நிலால முயல வரைஞ்சு வைக்கறார். மொட்டை மாடின்னா நிலா மேலயே இருக்குமே, வேற படம் எதுக்கு.

உயிரக் குடுக்கறத பாத்து யாருக்கு என்ன புரியும்னு தெரியல, ஆனா உதறினத எந்தப் பிள்ளையும் மறக்கறதில்ல. தான் பெரிய காரியம் பண்ணப் போற நேரத்துலயும் தன்கிட்ட ஒட்டிக்கிட்டிருக்கற சின்னத கவனிச்சுச்சு பாருங்க, அதை ஒரு நாலு வயசுப் பிள்ளையால நாளைக்கே செய்ய முடியும். உயிரக் குடுக்கறத யாரும் செய்ய வேணாம்.

நைட்ஷிஃப்ட்அப்பா:
இந்த உதறல் நான் கேள்விப்பட்டதே இல்ல. இப்படின்னா சரி, என் பையனுக்கும் சொல்லலாம்.

பழைய டீச்சர்:
கதைகேளு சொன்னதுல எனக்கு ரொம்ப சந்தோஷம்மா. நான் வியாசர்பாடி பக்கம் ஆரம்பப் பள்ளில டீச்சரா இருந்து ரிட்டயர்ட் ஆனவ, ஒண்ணாங்கிளாஸ் ரெண்டாங்கிளாஸ்தான் அதிகம் எடுத்தேன். ஜாதகத்துல சின்னப் பிள்ளைங்களுக்குன்னே அளவெடுத்த மாதிரி ஒரு கதை இருக்கு, யாரும் சொல்றதில்ல. குக்குர ஜாதகம், 22வது கதை. நான் வகுப்புல சொல்ற மாதிரியே எழுதறேன், மடிப்பாக்கம்அம்மா அப்படியே எடுத்துக்கலாம்.

"காசி ராஜா தோட்டத்துக்குப் போயிட்டு சாயங்காலம் இருட்டினதுக்கு அப்புறம் வந்தாரு. தேர முத்தத்துலயே விட்டுட்டு தூங்கப் போயிட்டாரு. ராத்திரி மழை. தேர்ல கட்டியிருந்த தோல் வாரெல்லாம் ஊறிப் போச்சு. காலைல பாத்தா எல்லாத்தையும் யாரோ கடிச்சுத் தின்னுட்டாங்க! சேவகருங்க சொன்னாங்க, ராஜா, தெரு நாய்ங்கதான், சாக்கடை வழியா உள்ள பூந்து தின்னுடுச்சுங்க. ராஜாவுக்கு வந்துச்சு கோவம். எங்க நாயப் பாத்தாலும் கொல்லுங்கன்னுட்டாரு. நாய்ங்கெல்லாம் ஓடி ஓடி சுடுகாட்டுல இருந்த தலைவர் நாய்கிட்ட போயி அழுதுச்சுங்க. தலைவர் நாய் யோசிச்சுது. அரண்மனையச் சுத்தி இவ்ளோ காவல் இருக்கு, வெளி நாய் எப்படி உள்ள போவும்? அது ஒத்தையா நடந்து நேரா அரண்மனைக்குப் போச்சு, யாரும் அது மேல கல்லெடுத்து போடல. நேரா போயி ராஜாவோட நாற்காலி அடில உக்காந்துக்கிச்சு."

இங்க நான் நிறுத்தி கேப்பேன், தலைவர் நாய் என்ன கேட்டிருக்கும்? பிள்ளைங்க கை தூக்கும். கதைல அது கேக்கறது இதுதான்: எல்லா நாயையும் கொல்லச் சொன்னீங்களா? ராஜா சொல்றாரு, ஆமா, அரண்மனை நாய்ங்கள மட்டும் விட்டுட்டு. அப்போ தப்பு பண்ணது யாருன்னு பாக்காமயே, உங்க வீட்டு நாய விட்டுட்டு இல்லாதப்பட்ட நாய்ங்கள மட்டும் கொல்றது நியாயமா? அப்புறம் மோர்ல தர்ப்பைப்புல்ல கலந்து அரண்மனை நாய்ங்களுக்குக் குடுக்கச் சொல்லுது. குடிச்ச உடனே வாந்தி! உள்ளேருந்து தோல் துண்டு துண்டா விழுது. அந்த வாந்திக்கு வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும், சிரிச்ச கையோட கதையும் உள்ள இறங்கிடும். ராஜா தன்னோட வெண்கொற்றக் குடையவே அந்த நாய்க்குக் குடுத்துடறாரு, ஊர்ல இருக்கற நாய்ங்களுக்கெல்லாம் தினம் சோறு போட உத்தரவு.

நான் சொல்ற மாதிரி சொன்னா ஒரு சாவு கிடையாது பாருங்க, ரத்தம் கிடையாது. வகுப்புல பென்சில் காணாமப் போனா முதல்ல எந்தப் பிள்ளை பேரைச் சொல்றாங்கன்னு எல்லா டீச்சருக்கும் தெரியும். அழுக்குச் சட்டை போட்ட பிள்ளை பேருதான் வரும். அந்தப் பிள்ளைக்காக நான் இந்தக் கதைய சொல்லுவேன்.

நைட்ஷிஃப்ட்அப்பா:
டீச்சர் கதை நல்லாருக்கு, ஆனா இப்ப தெருநாய் விஷயம் சென்னைல எவ்ளோ சீரியஸ்னு உங்களுக்குத் தெரியும். எங்க தெருவுலயே ஒரு பிள்ளைய கடிச்சு ஊசி போட்டாங்க. இந்தக் கதைய கேட்டுட்டு பிள்ளை போய் தெருநாய கட்டிப் பிடிச்சா?

பழைய டீச்சர்:
நியாயமான பயம் தம்பி. நான் கதை முடிஞ்சதும் தனியா சொல்லிடுவேன், தெரியாத நாய்கிட்ட போகக் கூடாது, தூங்கற நாயத் தொடக் கூடாது, கடிச்சா சோப்பு போட்டு தண்ணில நல்லா கழுவிட்டு உடனே பெரியவங்ககிட்ட சொல்லணும், ஊசி போட்டே ஆகணும். ஒளிக்காம சொன்னா திட்டமாட்டோம்னும் சொல்லணும், நிறைய பிள்ளைங்க திட்டுக்குப் பயந்துதான் கடிச்சத சொல்றதில்ல. இது ஒரு பாடம், கதை ஒரு பாடம், ரெண்டையும் கலக்க வேணாம்.

அடையாறு ஆலமரம்:
நல்ல இழை. எனக்கு நிக்ரோதமிக ஜாதகம் (12வது கதை, ஆலமர மான்னு அர்த்தம்) பத்தி சொல்லணும். கிண்டில இருந்து அடையாறு வரைக்கும் வளர்ற பிள்ளைங்களுக்கு புள்ளிமான் தெரியும், ஐஐடிக்குள்ள போனா ரோட்டோரமாவே மேயும், கிண்டி தேசியப் பூங்காவுல வெளிமானும் இருக்கு. அதனால மான் கதை இங்க சட்டுனு ஒட்டிக்கும்.

கதை தெரிஞ்சதுதான், ராஜாவோட தோட்டத்துல அடைபட்ட ரெண்டு மான் கூட்டம், தினம் ஒரு மான் முறை வச்சு சாகப் போவணும், ஒரு நாள் வயித்துல குட்டியோட இருக்கற பெண்மானுக்கு முறை வருது. அதோட தலைவன் முறைய மாத்த முடியாதுங்கறான், பக்கத்துக் கூட்டத்து தலைவனான ஆலமர மான் அதுக்குப் பதிலா தானே போய் கழுத்த வைக்குது. சமையக்காரர் பாத்துட்டு ஓடிப் போய் ராஜாகிட்ட சொல்றார், ராஜா வந்து உங்க ரெண்டு பேரையும் விட்டுடறேங்கறார். முக்கால்வாசி பேர் கதைய இங்கயே முடிச்சிடறாங்க. ஆனா கதையோட உயிரே இதுக்கு அப்புறம்தான் இருக்கு. மான் எழுந்து போகல. கேக்குது: எங்க ரெண்டு பேருக்கும் சரி, தோட்டத்துல இருக்கற மத்த மான்? அதுக்கும் அபயம். தோட்டத்துக்கு வெளில இருக்கற மான்? சரி. நாலு கால் இருக்கற மத்த மிருகம்? சரி. பறவை? சரி. தண்ணிக்குள்ள இருக்கற மீன்? சரி, அதுக்கும்.

பிள்ளைங்களுக்கு இந்த மாதிரி அடுக்கிக்கிட்டே போறது உசுரு. "பறவைங்களுக்கு?" "சரி!"ன்னு கோரஸா கத்துவாங்க, நிறுத்தவே விடமாட்டாங்க, கொசு, பல்லி, கரப்பான்பூச்சி வரைக்கும் போகும். போகட்டும். தனக்குக் கிடைச்சதும் போதும்னு எழுந்து போகாத அந்தப் பிடிவாதம்தான் எனக்கு இந்தக் கதைல பிடிச்சது.

இன்னும் ஒரு துண்டு இருக்கு. உயிர் பயம் போனதும் மானெல்லாம் வயல்ல இறங்கி பயிர மேயுது, விவசாயிங்க ராஜாகிட்ட முறையிடறாங்க. ராஜா குடுத்த வாக்க மாத்தமாட்டேங்கறார். ஆலமர மான் தன் கூட்டத்தக் கூப்பிட்டு அடுத்தவங்க பயிரத் தின்னக் கூடாதுன்னு சொல்லுது, விவசாயிங்களுக்கும் சொல்லி அனுப்புது, வேலி வேணாம், வயல் ஓரத்துல இலையக் கட்டி வைங்க, அது போதும்னு. பாவம் பாத்ததுக்கு அப்புறம் ஏற்படற சிக்கலையும் கூச்சமில்லாம சொல்ற கதை வேற எங்க கிடைக்கும்? அஞ்சு வயசுக்கு மேலன்னா இதையும் விடாதீங்க.

பெரம்பூர் ரயிலடி:
எல்லாரும் ஆர்வமா பேசறது சந்தோஷம். நான் தலைமுறை தலைமுறையா பௌத்தரா இருக்கற குடும்பத்துல வந்தவன், ராயப்பேட்டைல 1898ல அயோத்திதாசப் பண்டிதர் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினாரே, அந்த வழில வந்த வீடு. என் வருத்தத்த சொல்லிடறேன். புத்த கதைன்னு சொன்னாலே மான், முயல், குரங்குன்னு மிருகக் கதையாவே எடுத்து வச்சுக்கறோம். மனுஷன் மனுஷனுக்கு இரங்கின கதைங்கள பெரியவங்க விஷயம்னு ஒதுக்கிடறோம். மான்மேல இரக்கப்படறது யாருக்கும் கஷ்டம் இல்ல.

எங்க வீட்டுல பிள்ளைங்களுக்கு முதல்ல சொல்ற கதை ஆனந்தர் கிணத்தடில தண்ணி கேட்ட கதை. வெயில்ல நடந்து வந்த ஆனந்தர், புத்தரோட சீடர், கிணத்துல தண்ணி இறைச்சிட்டிருந்த பொண்ணுகிட்ட தண்ணி குடும்மான்னு கேக்கறார். அவ தயங்கறா, நான் இன்ன சாதி, என் கையால நீங்க குடிப்பீங்களாங்கறா. அவர், நான் சாதிய கேக்கல தங்கச்சி, தண்ணிதான் கேட்டேன்னு சொல்றார். குடிக்கறார். சின்னப் பிள்ளைக்கு இவ்ளோதான் சொல்வோம், மீதி கதை பெருசானதும்.

இன்னொண்ணு சுனீதர். ராஜகிருகத்துல தெருவுல காஞ்ச பூவெல்லாம் கூட்டி அள்றவர். யாரப் பாத்தாலும் தலைய குனிஞ்சு ஒதுங்கியே பழகினவர். புத்தர் கூட்டமா அந்த வழியா வர்றப்ப இவர் கூசிப் போயி சுவரோட ஒட்டி நிக்கறார். புத்தர் அவர்கிட்டயே வந்து நிக்கறார், வா பிக்குவேன்னு (பிக்குன்னா புத்த துறவி) கூப்பிடறார். அவரே பின்னாடி பாடின பாட்டு தேரகாதைல, அதாவது மூத்த பிக்குங்க பாடின பாட்டுத் தொகுப்புல, இருக்கு. நம்ம தெருவ காலைல கூட்டற அக்காவுக்கு பேர் இருக்குன்னு நம்ம பிள்ளைக்குத் தெரியுமா?

நைட்ஷிஃப்ட்அப்பா:
தோழர் தப்பா எடுத்துக்காதீங்க, அஞ்சு வயசுல சாதின்னு ஒண்ணு இருக்குன்னே நாம ஏன் சொல்லிக் குடுக்கணும்? தெரியாமலே வளரட்டுமே.

பழைய டீச்சர்:
தம்பி, தெரியாம வளரற பிள்ளைங்க யாருன்னு யோசிச்சுப் பாருங்க. என் வகுப்புல இருந்த பிள்ளைங்களுக்கு அஞ்சு வயசுலயே தெரியும், யார் வீட்டுக்குள்ள போகலாம், யார் வீட்டு வாசலோட நிக்கணும்னு. சொல்லிக் குடுக்காமலே உடம்புல பதிஞ்சிருக்கும். தெரியாதுன்னு நினைச்சுக்கறது நமக்கு வசதி. பெரம்பூர் தம்பி சொன்ன மாதிரி தண்ணி குடுக்கற கதையா சொன்னா எந்தப் பிள்ளைக்கும் பாரமா இருக்காது.

பெரம்பூர் ரயிலடி:
நன்றி டீச்சர். அண்ணே, உங்கமேல கோவம் எதுவும் இல்ல, எல்லா அப்பாவுக்கும் இருக்கற யோசனைதான். இன்னும் சின்ன பிள்ளைன்னா சுஜாதை கதை சொல்லுங்க, மூணு வயசுக்கே ஆகும். பட்டினி கிடந்து எலும்பும் தோலுமா ஆன சித்தார்த்தருக்கு ஒரு கிராமத்துப் பொண்ணு பால்சோறு பொங்கிக் கொண்டு வந்து குடுக்கறா, அதை சாப்ட்டு தெம்பு வந்தப்புறம்தான் அவர் போதி மரத்தடில உக்காந்து புத்தராகறார். புத்தர் இரங்கின கதை ஆயிரம் இருக்கு, புத்தருக்கே ஒருத்தி இரங்கின கதை இது. வைகாசி பௌர்ணமிக்கு எங்க வீட்டுல பாயசம் வச்சுட்டு இதான் சொல்வோம், கரண்டி பிள்ளைங்க கைலதான், வர்றவங்களுக்கு அதுங்கதான் ஊத்தணும்.

மடிப்பாக்கம்அம்மா:
இவ்ளோ வரும்னு நான் எதிர்பாக்கல, எல்லாருக்கும் நன்றி. பெரம்பூர் அண்ணா சொன்னதுக்கு அப்புறம் என் லிஸ்ட்ட மாத்தியே ஆகணும், கிணத்தடி கதைய கண்டிப்பா சொல்றேன். ஆலமரம் சார், மணிமேகலைய இந்த வயசுக்கு எங்கருந்து ஆரம்பிக்கறது? அவ பின்னாடி சுத்தற இளவரசன் உதயகுமாரன் கதையெல்லாம் வேணாம்.

அடையாறு ஆலமரம்:
மணிமேகலைல இருந்து ஆரம்பிக்காதீங்க, ஆபுத்திரன்ல இருந்து ஆரம்பிங்க. உ.வே.சா 1898ல இந்த நூல பதிப்பிச்சதுலருந்து எல்லாரும் மணிமேகலை கைல இருக்கற பாத்திரத்தயே பேசறோம், ஆனா அந்தப் பாத்திரத்துக்கு முன்கதை ஒண்ணு இருக்கு, அது முழுக்க முழுக்க பிள்ளைங்க கதை.

தோட்டத்துல அம்மா விட்டுட்டுப் போன குழந்தை. அழுவுது. ஒரு பசு வந்து நக்கிக் குடுத்து பால் குடுத்து காப்பாத்துது. அதான் ஆ புத்திரன், பசுவோட பிள்ளை. வளந்ததும் ஒரு நாள் யாகத்துல பலி குடுக்க கட்டி வச்சிருக்கற பசுவப் பாக்கறான், ராத்திரியோட ராத்திரியா அவுத்துவிட்டு கூட்டிட்டுப் போறான். பிடிச்சு அடிச்சு ஊரவிட்டே தொரத்திடறாங்க. மதுரைக்குப் போய் பிச்சை எடுத்து, கிடைச்சத தான் சாப்பிடறதுக்கு முன்னாடி எல்லாரையும் கூப்பிடறான். "காணார், கேளார், கால்முடப் பட்டோர், பேணுநர் இல்லோர், பிணிநடுக் குற்றோர் யாவரும் வருக"ன்னு சாத்தனார் எழுதறார். கண்ணு தெரியாதவங்க, காது கேக்காதவங்க, நடக்க முடியாதவங்க, பாத்துக்க ஆள் இல்லாதவங்க, நோயாளிங்க, எல்லாரும் வாங்க. அவங்க சாப்பிட்ட மிச்சத்த தான் சாப்ட்டுட்டு அந்தப் பிச்சை ஓட்டையே தலைக்கு வச்சு தூங்குவான். அந்த ஓட்ட தலைகாணியா வச்சுக்கறத பிள்ளைங்களுக்கு நடிச்சுக் காட்டுங்க.

ஒரு நாள் மழை ராத்திரி, பசின்னு ஆளுங்க வர்றாங்க, இவன்கிட்ட எதுவும் இல்ல. தவிச்சுப் போறான். அப்பதான் சிந்தாதேவி அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபிய குடுக்கறா. பின்னாடி இந்திரன் வந்து மழைய பெய்ய வச்சு நாட்டையே செழிப்பாக்கிடறான், பசிக்குதுன்னு வர ஆளே இல்ல. இவன் பாத்திரத்த தூக்கிட்டு யாருக்காவது பசிக்குதான்னு தேடிக்கிட்டு அலையறான், பஞ்சம் இருக்கற சாவக நாட்டுக்கு கப்பல் ஏறறான், வழில மணிபல்லவத் தீவுல இறங்கினப்ப கப்பல் இவன விட்டுட்டுப் போயிடுது. ஊருக்கே சோறு போடற பாத்திரம் கைல, சுத்தி ஒரு ஆள் இல்ல. தான் மட்டும் சாப்பிட மனசில்லாம அதை கோமுகிப் பொய்கைல விடறான். உண்ணாம உயிர விடறத அஞ்சு வயசுக்கு சொல்ல வேணாம், பாத்திரத்த தண்ணில விட்டதோட நிறுத்திட்டு "வருஷத்துக்கு ஒரு நாள், வைகாசி விசாகத்துக்கு மட்டும் மேல வரும், யார் வந்து எடுப்பாங்க?"ன்னு கேட்டு அடுத்த வாரத்துக்கு தள்ளிடுங்க.

அடுத்த வாரம் மணிமேகலை வரலாம். அந்தப் பாத்திரத்துல ஆதிரை போட்ட முதல் பிச்சை, எவ்ளோ தின்னாலும் பசி அடங்காத யானைத்தீ நோய் வந்த காயசண்டிகை, அப்புறம் ராஜா என்ன வேணும்னு கேட்டப்ப சிறைச்சாலைய அறச்சாலையா ஆக்குங்கன்னு அவ கேட்டது. பரிசு கேக்கற இடத்துல ஒருத்தி ஜெயில்ல இருக்கறவங்களுக்கு சோறு கேக்கறா!

பழைய டீச்சர்:
1982ல சத்துணவு வந்தப்ப தட்டத் தூக்கிட்டு வரிசைல நின்ன பிள்ளைங்க முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. இந்தக் கதை சொன்னா சத்துணவு அக்காவப் பாத்து பிள்ளைங்க அமுதசுரபி அக்கான்னு கூப்பிடும்.

மடிப்பாக்கம்அம்மா:
டீச்சர் நீங்க சொன்னதும் எனக்கு மிக்ஜாம் ஞாபகம் வந்துடுச்சு. 2023 டிசம்பர்ல எங்க ஏரியா முழுக்க தண்ணி, கரண்ட் இல்ல, போட்ல வந்து பொட்டலம் குடுத்துட்டுப் போனாங்க, யார்னே தெரியாது. இப்ப கதைக்கு வர பெரிய பிள்ளைங்க சிலருக்கு அது லேசா நினைவு இருக்கு. ஆபுத்திரன் தேடிக்கிட்டுப் போறத சொல்றப்ப அந்த போட்ட சொல்லிடுவேன், வேற விளக்கமே வேணாம்.

நர்ஸக்கா:
படிச்சுட்டே இருந்தேன், ஒண்ணு மட்டும் சேக்கறேன். சாவே வேணாம்னு எல்லாரும் சொல்றீங்க, சரிதான், ஆனா வீட்டுலயே சாவு நடந்த பிள்ளைக்கு? எங்க மாமனார் போனப்ப என் பொண்ணுக்கு ஆறு வயசு. "தாத்தா சாமிகிட்ட போயிட்டார்"னு ஆளாளுக்கு சொன்னாங்க, அவ எப்ப திரும்ப வருவார்னு கேட்டுட்டே இருந்தா. நான் கிசா கோதமி கதை சொன்னேன். குழந்தை செத்துப் போச்சுன்னே நம்பாம தூக்கிட்டு மருந்து தேடி அலையற அம்மா. புத்தர், ஒரு பிடி கடுகு கொண்டு வா, ஆனா இதுவரைக்கும் யாருமே சாகாத வீட்டுலருந்து கொண்டு வாங்கறார். எல்லா வீட்டுலயும் கடுகு இருக்கு, நம்ம அஞ்சறைப் பெட்டில இருக்கற அதே கடுகு, கேட்டதும் குடுக்கறாங்க. யாராவது செத்திருக்காங்களான்னு கேட்டா ஒவ்வொருத்தரும் தங்க கதைய சொல்றாங்க.

பெரியவங்க இத "எல்லாரும் சாகத்தான் போறோம்"னு தத்துவமா சொல்லிடறாங்க. பிள்ளைக்கு அப்படி சொல்லாதீங்க. அந்தந்த வீட்டுல அந்த அம்மாவ உக்கார வச்சு தண்ணி குடுத்து பேசினாங்கன்னு சொல்லுங்க, ஒரு வீட்டுல பாட்டி போனத சொன்னாங்க, ஒரு வீட்டுல அண்ணன் போனத சொன்னாங்க. எங்க பொண்ணு அன்னைக்கு சாயங்காலமே எதிர் வீட்டுப் பாட்டிகிட்ட போய் உங்க வீட்டுல யார் செத்தாங்கன்னு கேட்டுட்டா. எனக்கு பக்குனு ஆச்சு. அந்தப் பாட்டி கோவிக்கவே இல்ல, தன் வீட்டுக்காரர் போட்டோவ எடுத்துட்டு வந்து காட்டி ரொம்ப நேரம் பேசினாங்க. அதுக்கப்புறம் தாத்தா எப்ப வருவார்னு அவ கேக்கறத விட்டுட்டா, தாத்தாவப் பத்தி பேச ஆரம்பிச்சா.

குழந்தை செத்ததா சொல்ல மனசு வரலன்னா, அந்த அம்மாவோட வீட்டுல ஒருத்தர் போயிட்டாங்கன்னு சொல்லிக்கலாம், நான் அப்படித்தான் சொன்னேன். எல்லாப் பிள்ளைக்கும் பொதுவா சொல்ற கதை இல்ல இது, தேவைப்படற பிள்ளைக்கு தனியா மடில வச்சுட்டு சொல்லணும்.

கதைகேளு:
நர்ஸக்கா, இத நான் எழுதி வச்சுக்கறேன்.

இன்னும் ரெண்டு மூணு பாக்கி இருக்கு, வேகமா சொல்லிடறேன். நந்திவிசாலன் (28): நூறு வண்டிய இழுப்பேன்னு பந்தயம் கட்டின காளைய அதோட சொந்தக்காரர் கெட்ட வார்த்தைல திட்டறார், காளை அசையாம நின்னுடுது, ஆயிரம் காசு போச்சு. நான் உன் வீட்டுல எப்பவாவது எதையாவது உடைச்சேனா, என்னை ஏன் திட்டினேன்னு காளை கேக்குது. அடுத்த வாட்டி தட்டிக் குடுத்து நல்லா பேசறார், நூறு வண்டியும் நகருது. இது மூணு வயசுக்கே ஆகும், வண்டி இழுக்கற மாதிரி கயித்தக் குடுத்தா பிள்ளைங்களே விளையாடும். தாய்ப்புலி கதை எட்டு வயசுக்குக் கீழ வேணவே வேணாம். புறாவுக்கு சதைய அறுத்துக் குடுத்த சிபியும் அப்படித்தான், சோழர் முன்னோர்னு சிலப்பதிகாரத்துல கண்ணகியே பெருமையா சொன்னாலும் கத்தியும் தராசும் சின்னதுங்களுக்கு ஆகாது. நிறைய பேரக் கொன்னுட்டு அப்புறம் திருந்தின அங்குலிமாலன் கதைக்கு பிள்ளைக்கு பத்து வயசாவது ஆகட்டும்.

நளகிரி யானைய மட்டும் நேர்ல காட்டுங்க. புத்தர் மேல பொறாமைப்பட்ட தேவதத்தன் கள்ளு ஊத்தி வெறியேத்தி புத்தர் மேல ஏவிவிட்ட யானை, அவர்கிட்ட வந்ததும் அடங்கிப் போய் மண்டி போட்டுச்சு. எக்மோர் மியூசியத்துல அமராவதி சிற்பங்கள்ல ஒரு வட்டமான பலகைல இது இருக்கு. ஒரே வட்டத்துக்குள்ள யானை ரெண்டு வாட்டி வரும், ஒரு பக்கம் ஆள தூக்கிப் போட்டு ஓடுது, இன்னொரு பக்கம் அவர் கால்ல கிடக்குது. மேல ஜன்னல்லருந்து எட்டிப் பாக்கறவங்க, பயந்து கட்டிப் பிடிச்சுக்கறவங்க எல்லாம் இருக்காங்க. கல்லுல செஞ்ச காமிக்ஸ் மாதிரி இருக்கும். பிள்ளைங்ககிட்ட எத்தன யானைன்னு கேளுங்க, ரெண்டுன்னு சொல்லும், இல்ல ஒண்ணுதான்னு சொல்லிட்டு எப்படின்னு அதுங்களே கண்டுபிடிக்க விடுங்க.

நைட்ஷிஃப்ட்அப்பா:
மியூசியத்துக்கு நான் வரேன், என் பையனையும் கூட்டிட்டு. அந்த அடங்கின யானைய அவன் பாக்கணும். உதறற முயல் கதைய நேத்து சொல்லிட்டேன், தூங்கறதுக்கு முன்னாடி பெட்ஷீட்ட ரெண்டு பேரும் சேந்து மூணு வாட்டி உதறினோம், கெட்ட கனவு எதுவும் வரல. ஆனா சுனீதர் கதைய எப்படி சொல்றதுன்னு எனக்கு இன்னும் தெரியல, பெரம்பூர் தோழர் ஒரு வாட்டி நேர்ல சொன்னா நானும் உக்காந்து கேப்பேன்.

பெரம்பூர் ரயிலடி:
கண்டிப்பா வரேன் அண்ணே. மடிப்பாக்கம் தங்கச்சி, உங்க மொட்டை மாடில ஒரு ஞாயிறு எனக்குக் குடுங்க. கிணத்தடியும் சுனீதரும் நான் சொல்றேன். ஒண்ணே ஒண்ணு, உங்க அபார்ட்மென்ட்ல கூட்டிப் பெருக்கற அக்காவோட பிள்ளைங்களும் அன்னைக்கு கதைக்கு வரணும், கீழ நிக்காம மேல வந்து மத்தவங்களோட உக்காரணும்.

மடிப்பாக்கம்அம்மா:
அவங்க ரெண்டு பிள்ளைங்களும் சாயங்காலம் வாட்ச்மேன் ரூம் பக்கத்துலதான் விளையாடிட்டிருக்கும். நானே போய் கூப்பிடறேன், அந்த ஒரு ஞாயித்துக்கு மட்டும் இல்ல, இந்த வாரத்துலருந்தே.

இந்த வாரம் டீச்சரோட நாய்க்கதை, அடுத்த வாரம் மான், அப்புறம் பௌர்ணமிய ஒட்டி முயல், அதுக்கு அடுத்தது பெரம்பூர் அண்ணா, கடைசில ஆபுத்திரன் ரெண்டு வாரம். மியூசியம் சனிக்கிழமை காலைல போலாமா? வெள்ளிக்கிழமை லீவு. அமராவதி கேலரி திறந்திருக்கான்னு நான் முன்னாடியே கேட்டு இங்கயே போடறேன், யார் யார் வரீங்கன்னு பிள்ளைங்க எண்ணிக்கையோட எழுதிடுங்க, மதியத்துக்கு தயிர்சாதம் நான் கொண்டு வரேன்.

பழைய டீச்சர்:
எனக்கு பேரப்பிள்ளைங்க ரெண்டு. லெமன் சாதம் நான் எடுத்துட்டு வரேன்மா, கொஞ்சம் கூடவே கட்டிடறேன்.